எரிமலையை வரைய மறுத்தவள்

கல்வராயன் மலைப்பாதையில் பேருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. செல்வியின் தம்பி மணி. "அக்கா காலையில போயிடுச்சிங்க." அடுத்த வளைவில் சிக்னல் இல்லை. வெளியே மூடுபனி. மரங்கள் பாதி வரைந்து விடப்பட்டவை போல நின்றன. அந்தப் பேருந்தில் யாருக்கும் செல்வியைத் தெரியாது. வெள்ளிமலையில் இறங்கி, கீழே போகும் பேருந்துக்காக நின்றேன்.

அவளை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்து அங்கன்வாடிச் சுவர்களில் யானையும் மயிலும் பார்த்திருப்பீர்கள். அவள் வரைந்தவை. அது பிழைப்பு. மனம் வேறு காட்டில் இருந்தது. ஓர் அருவி. அதன் பின்னால் குகை. குகைக்கு அப்பால் வரைபடத்தில் இல்லாத நிலம், வெளியார் கண்ணில் படாத ஒரு கூட்டம். அப்படிப்பட்ட காட்டுச் சாகசச் சித்திரக் கதைகளைப் பழைய பேப்பர் கடைகளில் தேடிச் சேர்த்தாள். பலவற்றுக்கு அட்டை இருக்காது.

அவளோடு உட்கார்ந்து முதலில் படித்த கதையில், நாயகன் புதைமணலில் இடுப்புவரை இறங்கிவிட்டான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் ஈட்டிக்காரர்களுக்குப் பின்னால், ஒரு குடிசையின் மேல் இருந்தது.

"இவங்க துணிய எங்க காயப் போடுவாங்க?"

"அவங்க இலையத்தான கட்டிக்கினு இருக்காங்க."

"இருக்கட்டும். இலைக்கு மட்டும் அழுக்கு ஆவாதா, ரைட்டரே?"

இருவரும் சேர்ந்து ஒரு கதை செய்தோம். எழுத்து என்னுடையது, படம் அவளுடையது. வெள்ளிமலைக்கு அப்பால், மேகத்துக்குள் ஒரு மறைந்த உலகம். அதைத் தேடி ஹெலிகாப்டரில் ஒருவன் வருகிறான். கடைசியில் எரிமலை வெடித்து அந்தக் கூட்டமே அழிகிறது. அவன் மட்டும் தப்புகிறான். இந்த வகைக் கதைகள் அப்படித்தான் முடியும். நானும் அப்படியே எழுதினேன்.

முகங்களை அவள் தன் தெருவிலிருந்து எடுத்தாள். கருணாபுரத்தில் மூட்டை தூக்கும் கோவிந்தன் மாமாதான் கூட்டத்தின் தலைவர். ஈட்டிக்குப் பதில் கடப்பாரை. அவர் மனைவி குப்பம்மாள், ராணி. இருவரையும் எதிரே நிற்க வைத்து வரைந்தாள்.

"ஏம்மா செல்வி, ராணின்னா நின்னுக்கினேதான் இருக்கணுமா?"

"உக்காரு அத்த. ராணிக்கும் கால் வலிக்கும்."

"இவ ராணின்னா, நா வேற காட்டுக்குப் போயிடறேன்," என்றார் கோவிந்தன்.

"போ மாமா. மூஞ்ச மட்டும் ஆட்டாம போ."

வரைந்த பக்கங்களை வெள்ளிமலை டீக்கடைக்குக் கொண்டுபோனோம். ஜீப்புக்காகக் காத்திருந்த மலைக்கார அம்மா ஒருவர், சாமை மூட்டைமேல் உட்கார்ந்தபடி நிதானமாகப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"மலைமேல ஒளிஞ்சி வாழற ஜனங்கம்மா," என்றேன்.

"இங்க இந்த மூஞ்சிங்கள நா பாத்ததே இல்லியே. எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சி டவுனு," என்றாள் செல்வி.

"அப்ப டவுன்லதான ஒளிஞ்சிக்கினு இருக்காங்க."

ஜீப் வந்துவிட்டது. செல்வி மலை இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

பிறகு அந்த ஆனி மாதம். விஷச் சாராயம் குடித்தவர்கள் வரிசையாகச் செத்த மாதம். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோவிந்தன் மாமாவும் போனார். சுவரில் மாட்டுவதற்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். அதில் அவர் யாரோ மாதிரி இருந்தார்.

ஒரு மாலை குப்பம்மாள் வந்து, அந்தப் பக்கங்களைக் காட்டச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். கடப்பாரையோடு தலைவர் நிற்கும் கட்டத்தில் வெகுநேரம் கை வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "அப்புறம் அவரு இன்னா ஆவுறாரு?"

செல்வி என்னைப் பார்க்கவில்லை. "இன்னும் வரையல அத்த."

அவர் போனதும் சொன்னாள்: "நீ எழுதினத நா வரைய மாட்டேன்."

நான் வாதாடினேன். பதிப்பாளர் எரிமலைக்காகவே ஒப்புக்கொண்டிருந்தார். அது இல்லாவிட்டால் புத்தகம் இல்லை என்று சொல்லியும் இருந்தார். தவிர, அழியாவிட்டால் அந்த உலகம் ஏன் எந்த வரைபடத்திலும் இல்லை? அந்தக் கேள்விக்குக் கதையில் பதில் வேண்டாமா?

"மேப்புல இல்லன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தமா?"

அப்போதே அவள் சிறுநீரகம் கெட்டிருந்தது. அவளுக்கு அது முதல் புத்தகம். வேறொன்று செய்ய நேரம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எரிமலையை வரைந்துவிட்டால் அச்சில் பார்த்துவிடலாம். அவள் வரையவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில், மடியில் அட்டை வைத்து, கடைசிப் பக்கங்களைத் தானே யோசித்துப் பென்சிலில் போட்டாள்.

அவற்றை அவள் போன அன்று மணி என்னிடம் கொடுத்தார்.

மலைமேல் கரும்புகை எழுகிறது. ஹெலிகாப்டரில் இருப்பவன் திரும்பிப் பார்க்கிறான். எரிமலை என்று நினைக்கிறான். எல்லாம் அழிந்தது என்று எழுதிக்கொண்டு பறந்துவிடுகிறான். அடுத்த பக்கத்தில் கீழே, தெருக்காரர்கள் எல்லோரும் ஈரத் தழையைக் குவித்து எரித்துக்கொண்டிருக்கிறார்கள். புகையில் இருமுகிறார்கள். ஹெலிகாப்டர் போய்விட்டதா என்று தலைவர் அண்ணாந்து பார்க்கிறார். ராணி ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். குடிசைகளுக்கு நடுவே கொடி கட்டி, துணி காய்கிறது.

கடைசிக் கட்டத்தில் சாப்பிடுகிறார்கள்.

துக்க வீட்டில் குப்பம்மாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செல்வி அவருக்கு முன்பே காட்டியிருக்கிறாள். "புகைய பாத்து நானும் பயந்துட்டேன் தம்பி. பாத்தா, அவரு சோத்துல கைய வெச்சிக்கினு இருக்காரு," என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லாதான் இருக்காரு," என்றார்.

என் எரிமலையைக் கிழித்துவிட்டு, அவள் பக்கங்களைப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் மறுத்தால் வேறொருவரிடம் போவேன்.

எங்கள் வேலையில், பேச்சுக்கான வெண்பலூன்களை அவள் காலியாக விடுவாள், நான் நிரப்புவேன். மற்றக் கட்டங்களில் எல்லாம் எனக்கு இடம் விட்டிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் பலூனே இல்லை. தலைவரின் கன்னம் மட்டும் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. செல்வியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான்: ஓர் ஆள் சோற்றை மென்று முடிக்கும்வரை அவர் வாயில் என் வாக்கியத்தை வைக்காமல் இருப்பது.