முடி அளவு விரிசல்

அன்று மர மில்லில் நான், என் மனைவியின் தம்பி செல்வன், அறுக்க அயனி மரத் தடி கொண்டுவந்த தங்கையா அண்ணன், மூன்று பேர் இருந்தோம். பெரிய வட்ட ரம்பத்தில் ஒரு பல்லின் அடியில் முடி அளவு விரிசல் தெரிந்தது.

"அத்தான், இத மாத்தும்," என்றான் செல்வன்.

"இந்தத் தடிய அறுத்துட்டு மாத்துவோம். பேடிச்சா வீட்டுக்குப் போ மக்கா," என்றேன். தங்கையா அண்ணன் சிரித்தார். செல்வன் தடியைப் பிடித்தான்.

பாதி அறுப்பில் ரம்பம் உடைந்து, ஒரு துண்டு அவன் முகத்தில் பாய்ந்தது. இரண்டு கண்ணும் போயிற்று.

இப்போது தினமும் காலையில் ரம்பத்தைக் கழற்றித் தொங்கவிட்டு, மரக்கட்டையால் தட்டிப் பார்க்கிறேன். மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் அதை மாட்டுவதில்லை.

செல்வன் மில் வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறான். என்னோடு பேசுவதில்லை. அவனுக்கு வயது இருபத்து மூன்று.