தங்கைக்கு ஆகாத தண்ணீர்

குற்றாலத்துச் சாரல் என்றதும் எல்லாருக்கும் மனசு குளிரும். எனக்கு வயிறு எரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அங்கேயே குடியிருந்தோம். பெரிய அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது அப்பாவின் தொழில். மெட்ராஸ் வக்கீல்களும் ஜவுளிக்கடை முதலாளிகளும் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் குப்புறக் கிடப்பார்கள். மூட்டு மூட்டாக நீவிவிட்டு, “போயி தண்ணியில நில்லுங்க அண்ணாச்சி, வலி பறந்துரும்” என்பார். பறந்ததோ இல்லையோ, மறுவருஷமும் அவரையேதான் தேடி வந்தார்கள்.

என் தங்கைக்கு நடக்க ஆரம்பித்ததிலிருந்தே கை கால் வலி. வந்துவிட்டால் போர்வையைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். கண் மஞ்சள் பூத்திருக்கும். அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எண்ணெய் தேய்த்து, கூட்டம் சேருமுன் அருவியில் கொண்டுபோய் நிற்க வைப்பார். ஊர் உலகமெல்லாம் வலி தீரக் குளிக்க வரும் இடத்தில், பெற்ற பிள்ளையை மட்டும் வீட்டில் கிடத்த அவருக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலமே வலி கூடிவிடும். “உள்ள கெடக்க வலி வெளிய வருது” என்பார் அப்பா. நாங்களும் நம்பினோம்.

ஒரு தடவை காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, அம்மா அவளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் கூடப் போனேன். குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்வதற்காக வந்திருந்த ஒரு டாக்டர் அங்கே இருந்தார். எங்கள் பூர்வீகத்தை விசாரித்தார். அப்பா வீடு, அம்மா வீடு இரண்டுமே எஸ்டேட் வேலைக்காக வயநாட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவை. அந்த மலைச்சனங்களுக்குப் பரம்பரையாக ஒரு ரத்தக் கோளாறு உண்டு என்று சொல்லி, நிமிர்ந்து உட்கார்ந்து ஊசியை எடுத்தார்.

“ஏற்கெனவே புள்ள உடம்புல ரத்தமில்ல ஐயா. இருக்கதையும் நீங்க எடுத்தா எப்படி?” என்றாள் அம்மா.

“ஒரு சொட்டுதாம்மா” என்றார் அவர்.

அந்தச் சொட்டைக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைத்து வைத்தார். மறுநாள் நான் நச்சரித்ததால் பூதக்கண்ணாடிக் கருவியில் எனக்கும் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தன. இதுதான் உன் தங்கையின் ரத்தக் குழாயில் போய்ச் சிக்கிக்கொள்கிறது, அதனால்தான் வலி என்றார்.

அப்பாவை வரச்சொல்லிப் பேசினார். “பிள்ளைக்குக் குளிர் ஆகவே ஆகாது. அருவிப் பக்கம் கொண்டு போகாதீங்க. நிறையத் தண்ணி குடிக்கக் குடுங்க. காய்ச்சல்னா உடனே தூக்கிட்டு வாங்க.”

“மருந்து?” என்றார் அப்பா.

“இதைத் தீர்க்க இன்னும் மருந்து கிடையாது. அதுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியே.”

மனிதர் உண்மையைச் சொன்னார். சிவப்பாக ஏதாவது ஒரு தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் அப்பா அவர் சொன்னதையெல்லாம் கேட்டிருப்பார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “மருந்து இல்லன்னு சொல்லுததுக்கு ஒரு டாக்டரா? அவன் பேச்சக் கேட்டு எங்கிட்ட இருக்க வைத்தியத்தையும் நான் விடணுமாக்கும்.”

அம்மா விடவில்லை. வெந்நீர், கம்பளி என்று அவளைப் பொத்திப் பொத்தி வைத்தாள். தங்கையும் தேறினாள், சொட்டாங்கல் ஆடுமளவுக்கு. அடுத்த ஆடியில் அம்மா தம்பியைப் பெற ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மறுபடியும் வலி வந்தது. “எப்பா, கால் போகுது” என்று அவள் கதறியதை அப்பாவால் தாங்க முடியவில்லை. எண்ணெய் தேய்த்து அருவிக்குத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீருக்கடியில் அவள் உதடு நீலம் பாரித்தது. மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றாள். பிறகு பேச மூச்சில்லை. அம்மா கிடந்த அதே தென்காசி ஆஸ்பத்திரிக்கு அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார், கம்பளியில் சுற்றினார், கட்டிலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள். அம்மா அடுத்த வார்டில் தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணியில நிக்க வச்சேன் சார். நீங்க சொல்லத்தான் செஞ்சீங்க” என்றார் அப்பா. டாக்டர் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

தம்பி தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும்போது அப்பாவே அவனைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் போனார். ஊசி குத்த அவன் விரலைத் தானே பிடித்துக் கொடுத்தார். மறுநாள் டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “இவனுக்கும் இருக்கு” என்றார்.

அப்பா தொழிலை விட்டார். பாவூர்சத்திரத்துக்குக் குடிபெயர்ந்து காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். தம்பிக்கு நேரம் தவறாமல் தண்ணீர் கொடுப்பார், சாரல் காற்று அடித்தால் கதவைச் சாத்துவார், உடம்பு லேசாகச் சுட்டாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். வலி வந்தால் மட்டும் கிட்டே போகமாட்டார்.

“எப்பா, காலப் புடிச்சு விடுங்கப்பா” என்று தம்பி அழுவான்.

“மெதுவா நீவுனா தப்பில்லன்னு டாக்டரே சொல்லுதாருல்லா” என்று அம்மா கெஞ்சுவாள். அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் சேர்ந்து கொஞ்ச நாள்வரை தம்பி இருந்தான். யார் யாருக்கோ தேய்த்துவிட்ட அப்பா, அவன் காலை ஒரு தடவைகூடப் பிடித்துவிடவில்லை.