மனசுக்குள்ள சொன்ன ஸ்தோத்திரம்

என் வீட்டுக்காரர் சாலமோனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாது. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை மிஷின் நாளெல்லாம் ஓங்கி ஓங்கி அடிக்கிற இடம். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். அரிக்கிறது என்று இவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் பாதி மிச்சம். அந்தப் பாதியும் போகப் போகக் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேடந்தாங்கலில் அப்பா வாயைத் திறந்தால் கொக்கெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும் என்று எங்கள் பெண் ஷாரோன் கிண்டல் செய்வாள்.

படாளத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஒரு கூத்து நடக்கும். பூபாலன் கிட்டார் வாசிப்பான். நன்றாக வாசிக்கிற பையன். பாட்டு உருகி வருகிற இடத்தில் சட்டென்று நிறுத்துவான். அந்த நிசப்தத்தில் ஆண்கள் வரிசையிலிருந்து "ஸ்தோத்திரம்!" என்று ஒரு சத்தம் கிளம்பும். தூங்குகிற கைக்குழந்தைகள் வீறிடும். புதிதாக வந்தவர்கள் பதறித் திரும்புவார்கள். பெண்கள் வரிசையில் நான் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தால், "நானா? நான் மனசுக்குள்ளதானே சொன்னேன்?" என்பார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். பூபாலனாவது கொஞ்சம் கண்டிக்கலாம் இல்லையா? அவன் அந்தச் சத்தம் வந்தபிறகுதான் அடுத்த வரிக்கே போவான். கெடுத்து வைத்ததே அவன்தான்.

சபைப் பாட்டைத் தவிர இவருக்கு இன்னொரு பைத்தியம் உண்டு, பெரம்பூர் வின்ஸ்டன். ஆங்கிலோ-இந்தியர், இப்போது வயதாகிவிட்டது. பாப், ப்ளூஸ் இரண்டையும் கிட்டாரில் பின்னி எடுப்பாராம். அம்பத்தூரில் அப்ரெண்டிஸாக இருந்த காலத்தில் ரூமில் கூட இருந்தவன் கேசட் போட்டுக் காட்டினானாம், அன்றைக்குப் பிடித்த பேய். ப்ளூஸ் என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "துக்கந்தான். ஆனா ஒக்காந்துகினு அழாம, நடந்துகினே சொல்றது" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது.

'வின்ஸ்டன் வெறியர்கள்' என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்ததும் இவர்தான். ஐ.டி. வேலை பார்க்கிற சீனு, திருக்கழுக்குன்றத்தில் டீச்சராக இருக்கிற அன்பரசி, எங்கள் பூபாலன் என்று நிறைய பேர். கம்பெனியில் இவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. குரூப்பில் இவர் வைத்ததுதான் சட்டம். குட்மார்னிங் படம் போட்டால்கூட ஆளைத் தூக்கிவிடுவார்.

மாமல்லபுரத்தில் கடலையொட்டித் திறந்தவெளியில் வின்ஸ்டன் வாசிக்கிறார் என்று தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டது. 'லாஸ்ட் பஸ்' என்று அவருடைய பழைய ப்ளூஸ் ஒன்று, பாடுகிற வரியே இல்லாமல் வெறும் கிட்டார். விரல் மூட்டு வீக்கத்தால் பல வருடமாக அதை அவர் தொடவில்லை. இந்த ஒரு முறை வாசிப்பார், இதுவே கடைசி, பதிவு செய்து வெளியிடுவோம் என்று அறிவித்திருந்தார்கள்.

"காது கொஞ்சம் கேக்கறப்பவே ஒரு வாட்டி நேர்ல கேட்டுடணும் சாராளு. அப்பால ரெக்கார்டிங் வந்துச்சுன்னா தெனமும் கேட்டுக்கலாம்" என்றார்.

திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் போனோம். இடது காது ஸ்பீக்கர் பக்கம் இருக்க வேண்டும் என்று நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினோம். கடைசியில் கிடைத்த இடத்தில் எனக்கு முன்னால் செல்போன்கள்தான் தெரிந்தன. பின்னாலிருந்து ஒருவன் "சினிமா பாட்டு போடு அண்ணாத்த!" என்று கத்திக்கொண்டே இருந்தான். டிக்கெட் வாங்கி வந்து இந்த பேஜாரு தேவையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு 'லாஸ்ட் பஸ்' ஆரம்பித்தது. ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன், எனக்கே ஆத்திரமெல்லாம் மறந்துபோயிற்று. நடந்து நடந்து கால் ஓய்ந்தவன் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு இடம் வந்தது. அங்கே ஒரே ஒரு சுரத்தை வின்ஸ்டன் இழுத்தார். அது மெலிந்து மெலிந்து அடங்கியது. சினிமாப் பாட்டு கேட்டவன்கூட வாயை மூடிக்கொண்டான். கடல் சத்தம் கேட்டது.

"ஸ்தோத்திரம்!"

என் பக்கத்து நாற்காலிதான். மேடையில் வின்ஸ்டன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து வாசித்தார். நான் இவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். நானும் ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னத்தைத் திட்டுவது?

முடிந்ததும் குரூப் ஆட்களெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் கூடினார்கள். ஆளாளுக்கு ஒரு விமர்சனம். பேஸ் கிட்டார் சத்தம் கம்மி என்றான் சீனு. அவன் நிகழ்ச்சி முழுவதையும் போன் வழியாகத்தான் பார்த்தான். முதல் பாட்டிலேயே அழுதுவிட்டேன் என்று அன்பரசி மறுபடியும் அழுதாள். இவரோ, "இன்னா மாரி... டேய், இன்னா மாரி..." என்று டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எல்லாம் ஓகே மச்சான், அந்த சைலன்ஸ்ல எவனோ கத்துனான் பாரு, செம கடுப்பு" என்றான் சீனு.

"யாரு? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றார் இவர்.

பூபாலன் என்னைப் பார்த்தான். பிறகு டீ கிளாஸுக்குள் பார்த்தான்.

மறுவாரம் வின்ஸ்டனின் பெண்ணிடமிருந்து அறிவிப்பு வந்தது. மற்ற பாட்டெல்லாம் வெளிவரும், 'லாஸ்ட் பஸ்' மட்டும் வராது. அந்த மௌனம்தான் அந்த வாசிப்பின் உயிர், அதில் ஒருவர் கத்திவிட்டார். வெட்டினால் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது, அப்பா சம்மதிக்கவில்லை. மறுபடி வாசிக்க அவர் கை இடம் கொடுக்காது. மன்னிக்கவும்.

குரூப்பில் தீப்பற்றிக்கொண்டது. "எவன்டா அந்தப் பாஸ்டரு?" என்று சீனு தொடங்கிவைத்தான். சீனு போனில் எடுத்த வீடியோவிலிருந்து அந்தச் சத்தத்தை மட்டும் கத்தரித்து, வடிவேலு படத்தோடு ஒட்டி ஒருவன் அனுப்பினான். கோயில் கூட்டத்துக்குப் போக வேண்டியவன் கச்சேரிக்கு வந்துவிட்டான் என்று இன்னொருவன். எல்லோரையும்விடக் கொதித்தவர் என் வீட்டுக்காரர். சோறு இறங்கவில்லை. போனை இடது காதில் அழுத்திக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். தன் குரல் தனக்கே பிடிபடுமா? அதுவும் பாதிக் காதுக்கு?

"ஒரே ஒரு வாட்டி வாசிச்சாரு சாராளு. இனிமே எப்டிக் கேப்பேன்? நாசமாப் போறவன். அவன் வாய்ல மண்ணப் போட" என்றார்.

"இன்னாங்க, அப்டி சபிக்காதீங்க."

"சபிப்பேன்! அவன் வூடு தெரிஞ்சா நேராப் போயி கேப்பேன்."

அவன் வீட்டில் உட்கார்ந்து அவன் தட்டில்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஷாரோன் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் தன்னையே திட்டித் தீர்க்கிறார். தண்ணீர் பிடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஷாரோன் மேல் எரிந்து விழுந்தேன். அந்த வின்ஸ்டன் மேல்கூடக் கோபம் வந்தது. வாசிக்கிறவர் வாசித்துக்கொண்டே போக வேண்டியதுதானே, நடுவில் எதற்கு நிறுத்துகிறார்?

"கத்துன ஆளு இந்த குரூப்ல இருந்தா, மருவாதியா அவனே வெளிய போயிடணும். இல்லன்னா நான் தூக்குவேன்" என்று இவர் குரல் பதிவு போட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் இரண்டு தடவை கெட்டது.

யாரும் போகவில்லை. சீனுதான் துப்புத் துலக்கினான். ஸ்தோத்திரம் என்று கத்தியிருக்கிறான், நம்மில் சபையில் கிட்டார் வாசிக்கிறவன் யார், பூபாலன். பூபாலனைக் கேட்டார்கள். "நான் இல்ல" என்று மட்டும் எழுதினான். அப்புறம் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பதில் சொல்லாதவன்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் போனை என் முன்னால் வைத்தார்.

"தூக்கிட்டேன். நம்ம சபை ஆளுன்னுகூடப் பாக்கல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"யார?"

"பூபாலனத்தான்."

கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டேன். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை.

"யோவ்! அது நீதான்யா! பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தேனே, என் காதுல விழுந்துச்சு. வாராவாரம் சபையில கத்தறியே, அதே கத்தல்."

சிரித்தார். ஷாரோன் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. அவள் எழுந்து போய்த் தன் ஹெட்போனைக் கொண்டுவந்து அவருடைய இடது காதில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தைப் போட்டாள். கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"நான் மனசுக்குள்ளதானே சொன்னேன்?"

இத்தனை வருடமாக அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. அன்றைக்கு நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "பூபாலனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"வாராவாரம் கேக்கறவனுக்குத் தெரியாதா?"

தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அங்கே நின்று குரல் பதிவு செய்தார். தெரு முழுக்கக் கேட்டது, குரூப்புக்கு அனுப்பவே தேவையில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். கத்துனது நான்தான், சாலமோன். வேணும்னு செய்யல. கத்துனது எனக்கே தெரியாது. பூபாலன் மேல தப்பில்ல. அவன் எனக்காகத்தான் வாய மூடிகினு இருந்தான். அவன திரும்ப சேத்துட்டேன். அவங்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். சீனு, நீ அட்மினா இருந்துக்க."

ஷாரோனும் அந்த குரூப்பில் இருந்தாள், அவள் போனில் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்தன. "சார், நீங்களா?" என்று அன்பரசி. வடிவேலு படத்தை மறுபடி ஒருவன் போட்டான். கீழே சாம்பல் நிறத்தில், சாலமோன் வெளியேறினார் என்று வந்தது. அந்த மஞ்சள் மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு. இவரைப் போல அந்தப் பாட்டை அங்கே கேட்டவன் எவன்?

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். வாசலில் பூபாலனின் கையைப் பிடித்துக்கொண்டு இவர் என்னவோ சொன்னார். "வுடுண்ணே, சொம்மா இதுக்குப் போயி" என்றான் அவன். உள்ளே போய் இவர் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தார், நான் பெண்கள் வரிசையில்.

ஆராதனையில் பூபாலன் வாசித்தான். அன்றுபோல் அவன் வாசித்து நான் கேட்டதில்லை. வழக்கமான இடம் வந்தது. நிறுத்தினான். இவர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. பூபாலன் அடுத்த வரிக்குப் போகாமல் ஆண்கள் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பாஸ்டர் பூபாலனைப் பார்த்தார். எந்தக் குழந்தையும் அழவில்லை. எத்தனை வருடமாக இந்த அமைதியைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்! வந்தபிறகு அது எனக்குத் தாங்கவில்லை.

"ஸ்தோத்திரம்!"

கத்தியது நான்தான். மனசுக்குள் இல்லை, வாய்விட்டுத்தான். முன்வரிசைக் குழந்தை வீறிட்டது. பாஸ்டரம்மா உட்பட அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூபாலன் சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எடுத்தான்.

இவர் மட்டும் திரும்பவில்லை. எங்கள் சபையில் பெண்கள் வரிசை அவருடைய வலது காதுப் பக்கம்.

நான் மறுபடியும் கத்தினேன்.