பீபியின் வால்

யானைகள் மேல் ஆசைப்பட்டு கலாதேவி மிருகக்காட்சிசாலைக்கு வேலைக்குப் போகவில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை உழைக்க அனுமதி கிடையாது. ஆனால் நகரத்துக்குப் பொதுவேலை செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ‘ஹைம்’ என்று எல்லோரும் சொன்ன அகதி விடுதியில் பக்கத்து அறைப் புஷ்பராணிக்குச் சவக்காலையில் இலை கூட்டும் வேலை கிடைத்தது. கலாதேவிக்கு பீபி என்ற ஆபிரிக்க யானையின் கொட்டில். கொக்குவிலில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், நாற்பது வயதில் ஜெர்மனியில் யானை லத்தி அள்ளினாள். சவக்காலையை விட இது பரவாயில்லை, இங்கே உள்ளது உயிரோடு இருக்கிறது என்பது அவள் கருத்து.

அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இலங்கை ஆமி கடையைக் கொளுத்திவிட்டு அவரையும் கொண்டுபோய்ச் சில வாரங்கள் வைத்திருந்தது. கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தபின், நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். அதிகாரியின் முன்னால் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இப்போது நீதிமன்றத்தில் டெர்மின், விசாரணைத் தேதி, வந்திருந்தது. அங்கேயும் வாய் திறக்காவிட்டால் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் வைக்கோலுக்குள் ஒரு வால்மயிர் கிடந்தது. கம்பி மாதிரிக் கறுத்துத் தடித்த மயிர். பயம் தெளிய யானைமயிர் மோதிரம் போடுவார்கள் என்பது கலாதேவிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமல்ல. காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள், சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், வளைத்து முடிச்சுப்போட்டு அவர் விரலில் மாட்டினாள். அன்று அவர் இரண்டாந்தரம் சோறு கேட்டார்.

அடுத்த நாள் பொதுக் குசினியில் புஷ்பராணி விரலைக் கண்டுவிட்டாள்.

“அக்கா, எங்கட ஆளுக்கும் டெர்மின் வருதெல்லோ. ஒண்டு.”

“ஆபிரிக்க யானை மயிர் எங்கட ஆக்களுக்கு வேலை செய்யுமோ?” என்று மேல்மாடிப் பாலச்சந்திரன் சட்டியைக் கிளறியபடி சந்தேகம் கிளப்பினான்.

“ஏன், அது பிள்ளையாருக்குச் சொந்தமில்லையோ?” என்றாள் புஷ்பராணி.

“காதைப் பாத்தால் எங்கட யானையை விட நெருங்கின சொந்தம்” என்றாள் கலாதேவி.

“அப்பிடியெண்டால் எனக்கு அஞ்சு தாங்கோ அக்கா. பாரிசிலை தெரிஞ்ச பத்தர் இருக்கிறார், பவுணிலை வைச்சுக் கட்டுவார்” என்றான் பாலச்சந்திரன்.

“விழுந்து கிடந்தால்தானே எடுக்கலாம்.”

“கத்தரிக்கோல் எதுக்கு அக்கா இருக்கு?”

ஸ்டுட்கார்ட்டில் இருந்த மச்சாளுக்கும் கதை போய்விட்டது. அங்கிருந்தும் ஆட்கள் கேட்டார்கள். எல்லாரும் பாவம், எல்லாருக்கும் ஏதோவொரு டெர்மின்.

கத்தரிக்கோலை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் பீபியின் பின்னால் போய் நின்றாள். யானையின் பின்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது என்பது கொட்டிலின் முதல் விதி. பராமரிப்பாளர் ஃப்ராவ் லோமன் சட்டைக் காலரில் பிடித்து இழுத்து வெளியே விட்டார். கலாதேவி தன் அரைகுறை ஜெர்மன் முழுவதையும் செலவழித்து விஷயத்தைச் சொன்னாள்.

ஃப்ராவ் லோமன் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. பீபி குட்டியாக இருந்தபோது தாயைத் தந்தத்துக்காகச் சுட்டார்கள் என்றார். விளங்கட்டும் என்று ஒரு விரலைத் துவக்காக நீட்டியும் காட்டினார். குட்டிக்குத் தந்தம் முளைக்காததால் அதைச் சுடவில்லை, விற்றார்கள். அங்கே சில காடுகளில் இப்போது யானையில் பாதிகூட மிச்சமில்லை. வால்மயிரில் செய்த காப்புகளை உல்லாசப் பயணிகள் வாங்கிவருகிறார்கள்.

“நான் கொல்லவில்லையே. நிலத்தில் கிடந்தது” என்றாள் கலாதேவி.

“முதல் தந்தத்தையும் யாராவது நிலத்திலிருந்துதான் எடுத்திருப்பார்கள்.” பிறகு கேட்டார்: “உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குப் பயம்?”

“எல்லாருக்கும்.”

இரண்டு பேரும் பீபியின் வாலைப் பார்த்தார்கள். வாலின் நுனியில் இரண்டு வரிசை மயிர் இருந்தது, அதுவும் ஐதாக. புஷ்பராணியின் வீட்டுக்காரனையும் பாலச்சந்திரனின் பத்தரையும் ஸ்டுட்கார்ட்டையும் அந்த வால் தாங்காது என்பது தையல்காரியின் கண்ணுக்கு உடனே தெரிந்தது.

இல்லை என்று குசினியில் சொல்லிப் பார்த்தாள். “உங்கட மனுசன் மட்டும் போடலாமோ?” என்று புஷ்பராணி கேட்டாள். நீதிமன்றம் போகிற காலையில் கலாதேவி கணவரின் விரலைப் பிடித்து மோதிரத்தைக் கத்தரித்தாள்.

“உனக்கென்ன விசரே?”

“உங்கட விரலிலை இது கிடக்குமட்டும் கேக்கிற சனம் விடாது. பிறகு வால் இல்லை.”

டிராமில் ஏறியும் அவர் விடவில்லை. “ஊரிலை பெண்சாதிமார் புருசனுக்குத் துணை. எனக்கு வாய்ச்சவள் யானைக்குத் துணை!”

“அதுக்கு ஒரு வால்தான் கிடக்கு.”

“எனக்கும் ஒரு உயிர்தான் கிடக்கு!”

முன்னால் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள். அவரை ஆமி விட்டபிறகு இவ்வளவு சத்தமாக அவர் கதைத்ததைக் கலாதேவி கேட்டதில்லை. அவரைக் கத்தவிட்டு யன்னலைப் பார்த்தாள். அவர் படியேறும்போதும் கத்தினார். மண்டபத்துக்குள் போகும்போதும் வாய் மூடவில்லை.

நீதிபதி கேட்டது பெயரை மட்டும்தான்.

“பேரை விடுங்கோ. கடைசியா விரலிலை கிடந்ததையும் இவள் எடுத்துப்போட்டாள். அதுக்கு முதல் எடுத்ததெல்லாம் ஆமி. கேளுங்கோ!”

மொழிபெயர்க்க வந்திருந்த மெட்ராஸ் மாணவன் பார்த்தசாரதி பதறிப்போனான். “சார், ப்ளீஸ், கொஞ்சம் ஸ்லோவா சொல்லுங்க.”

அவர் மெதுவாகச் சொல்லவில்லை. கடையைச் சொன்னார். பிடித்துக்கொண்டுபோன லொறியைச் சொன்னார். தலைகீழாகக் கட்டிவைத்த அறையைச் சொன்னார். அதையெல்லாம் பக்கத்திலிருந்த கலாதேவியும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். நீதிபதி ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் பக்கம் தள்ளிவிட்டு, போதுமா என்று கேட்டார்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“எங்கை போதும்? இன்னும் கிடக்கு.”