காலைப் பார்த்து நடந்தவர்

போன வாரம் அம்பத்தூரில் ஷேர் ஆட்டோவில் ஏறப்போன என் மகனை டிரைவர் கையை நீட்டித் தடுத்தான். "இன்னாபா, காலங்காத்தாலயே ஊத்திகினியா? போ, போ."

என் மகன் குடிக்கிறவன் இல்லை. அவனுக்கு எச்ஐவி. தெரியவரும்போதே முற்றி, தண்டுவடம் வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். கால் விறைத்துத் தள்ளாடுகிறது. மூத்திரம் அடங்குவதில்லை. இதை அந்த டிரைவர் முகத்துக்கு நேரே கத்த வேண்டும் என்றிருந்தது. வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

வாயைத் திறக்காமலேயே ஒரு மனுஷனைக் கெடுத்தவள் நான்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. மதுவிலக்குக் காலம். சந்தேகப்பட்டால் போலீஸ் வாயை ஊதச் சொல்லும். மண்ணூர்பேட்டையில் எங்களோடு அம்மாவின் தம்பி இருந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வரவர மாமாவின் நடை தள்ளாடியது. சில நாள் வேட்டி நனைந்து வருவார். திருட்டுச் சாராயம் என்று அப்பா முடிவுகட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி மாமா ஓய்ந்துபோனார். தலையைக் குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நடப்பார். வெட்கமாவது மிச்சம் இருக்கிறதே என்பார் அப்பா.

ஒரு நாள் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனவரை, வழியில் அவர் கம்பெனி வாசலிலேயே போலீஸ்காரர் மடக்கினார்.

"ஊதுடா."

ஊதினார்.

"நாத்தமே காணோம். கொய்யா இலை மென்னுகினு வந்தியா?"

"சத்தியமா இல்ல சார். காலுதான் சார்..."

"ஓ, காலு குடிச்சுதா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர் என்னிடம் குனிந்தார். "பாப்பா, நீ சொல்லு. உங்க மாமன் குடிப்பானா?"

வீட்டில் பெரியவர்கள் சொன்னதுதானே? ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மாமா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அன்றைக்கே கம்பெனியில் மாமாவின் சீட்டைக் கிழித்தார்கள். அப்புறம் படுக்கை, முதுகெல்லாம் புண், சாவு. என்ன நோயோ, ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. குடிகாரனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

ஆட்டோ போன பிறகு மகனை நடத்தியே கூட்டி வந்தேன். அவனும் குனிந்தே நடந்தான். டிரைவரிடம் வராத வாய் இவனிடம் வந்தது. "தலையத் தூக்குடா. நீ இன்னா தப்பு பண்ண?"

"பாக்கலன்னா காலு எங்க கீதுன்னே தெரியலம்மா."

நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

வெட்கம் என்றோமே, பாவிகளா. அந்த மனுஷன் விழாமல் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தன் காலைத் தேடிக்கொண்டு நடந்திருக்கிறார்.