விதை இல்லாத கஞ்சா

கஞ்சா முன்னைவிட வீரியம் கூடிவிட்டதா என்று டீக்கடையில் பேச்சு வந்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வீரியமெல்லாம் கூடவில்லை, நமக்கு வயசாகிவிட்டது என்பார்கள் சிலர். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. பட்டாசு லோடு லாரியில் கிளீனராக ஊர் ஊராகச் சுற்றியவன். இரண்டு காலத்துச் சரக்கையும் இழுத்திருக்கிறேன்.

எங்கள் இளவயதில் பொட்டலத்தைப் பிரித்தால் பாதிக்கு மேல் விதையும் காம்பும்தான் இருக்கும். என் கூட்டாளிதான் கசக்குவான். உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்த்து, மெல்ல ஊதுவான். விதை உருண்டு விழும். மிஞ்சிய தூளைப் புகையிலை உதிர்த்த பீடியில் திணிப்பான். அவன் உள்ளங்கைதான் எங்களுக்கு அளவு. குடித்தால் சிரிப்பு வரும், பசிக்கும், தூங்கிவிடுவோம்.

அவன் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். மகள் பிறந்ததும் கஞ்சாவை விட்டான். நான் விடவில்லை. வடக்கே லோடு இறக்கப் போன இடத்தில் ஒரு டிரைவர் புதுச் சரக்கைக் கொடுத்தார். விரலில் பிசினாக ஒட்டியது. விதையே இல்லை. இரண்டு இழுப்புதான். நின்றுகொண்டிருந்த லாரியில் உட்கார்ந்துகொண்டு, பிரேக் போடுங்கள் என்று அந்த மனிதரிடம் அழுதேன். அதோடு நானும் விட்டேன்.

போன வருஷம் அவன் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனைக்குட்டம் அணைக்கரைக்கு என்னை அழைத்துப் போனான். கடமை முடிந்த சந்தோஷம். எங்கேயோ வாங்கிய பொட்டலத்தை இடுப்பிலிருந்து எடுத்தான்.

"மாப்ள, இது பழைய சரக்கு இல்லலே. கொஞ்சமா வையி" என்றேன்.

"எனக்கு அளவு சொல்லித் தாரியாக்கும்? மருந்து கலக்குறவன்லே நான். லாரிச் சக்கரத்துக்குக் கட்டை போடுறவன் பேச வந்துட்டான்."

பழைய பழக்கத்தில் உள்ளங்கை நிறையக் கசக்கினான். ஊதினான். விழ எதுவும் இல்லை.

"பாத்தியா, அம்புட்டும் சுத்தமான சரக்கு" என்று சிரித்தான்.

கழிவே இல்லாத அந்தக் கை நிறையத் தூளை, பீடி பீடியாக அவன் ஒருவனே குடித்தான். நான் தொடவில்லை.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையை மோந்தான். மருந்து வாடை அடிக்கிறது என்றான். சட்டையைக் கழற்றி எறிந்தான். "கையெல்லாம் மருந்துலே. பீடிய அணைலே, பத்திக்கிரும்" என்று கத்திக்கொண்டே அணைக்குள் இறங்கினான். இழுத்துக் கரையேற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். போதை தெளிந்தது. பயம் தெளியவில்லை. கம்பெனியில் மருந்து சலிக்கும் சல்லடையைக் கையில் கொடுத்தால் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினான். முதலாளிமார் அவன் மேல் மரியாதை உள்ளவர்கள்தான், பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அடிக்கடி எழுந்து போய்க் கை கழுவினான். ஒருநாள் வீட்டோடு நின்றுவிட்டான்.

சீசன் லோடு முடிந்து இந்த முறை ஊருக்கு வந்ததும் பார்க்கப் போனேன். கைகள் ஊறி வெளுத்திருந்தன. என்னைக் கண்டதும் முதலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு, பையைத் தடவிப் பார்த்தான். பிறகுதான் உட்காரச் சொன்னான்.

அவன் மனைவி தூக்குவாளியோடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். வீட்டில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டானாம்.

"சாப்பிட்டீகளாண்ணே?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அந்தக் காலத்துலயும் குடிச்சவுகதான? அப்பல்லாம் ஒண்ணும் ஆகலியே. சரியாப் போயிருமாண்ணே?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மாத்திரையை விடாமல் கொடுக்கச் சொன்னார்களாம். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சோற்றைத் தட்டில் பரப்பி விசிறினாள். சூடு இருந்தால் தொடமாட்டான். ஆவி அடங்கும்வரை சுவரோரம் நின்றே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் கையால் சோற்றை அழுத்திக் காட்டிய பிறகுதான் வந்து உட்கார்ந்தான். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஆறிய சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம்.