மணிக்கட்டில் தெரிந்த இடைவெளி

படகிலிருந்து கடலில் விழுந்த என் தங்கச்சி மாப்பிள்ளையை ஒரு கையால் பிடித்திருந்தேன். "மச்சான், விட்டுராதிய!" என்று கத்தினான். அலை இழுத்ததில் என் மணிக்கட்டு டக்கென்றது. அவன் நழுவிப் போனான். உடல்தான் கரைக்கு வந்தது.

அதன்பின் எதைத் தூக்கினாலும் மணிக்கட்டு விலகியது. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தூத்துக்குடி டாக்டர் ஒருவர் நடந்ததைக் கேட்டு, முஷ்டியை இறுக்கச் சொல்லி மறுபடி எடுத்தபோது, இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது.

"இதைச் சேர்த்துக் கட்டியிருந்த ஜவ்வு அறுந்திருக்கு. அதுக்கப்புறம் யாராலயும் பிடிச்சிருக்க முடியாது," என்றார்.

ஆபரேஷன் செய்து ஜவ்வைத் தைத்தார்கள். கட்டுப் பிரித்ததும் தங்கச்சியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்ணே," என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வலிக்கவில்லை. ஆனால் என் கைக்குள் இருந்தவை அன்று நழுவிப் போன அதே ஈரமான, குளிர்ந்த விரல்கள்.